அடுத்த வீட்டுக்குக் கேளாத சத்தம்

பழைய றேடியோ, அம்பிளிபயர்ப் பெட்டிகளின் கண்ணாடிக் குழாய் வால்வுகள் சூடேறும்போது அவற்றில் படிந்த தூசி கருகி ஒரு மணம் வரும், சீனி அடிப்பிடித்ததுபோல. புளியங்கூடலில் எங்கள் வீட்டு ஹோலில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அதை முதன்முதல் முகர்ந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். தெற்கே ஒரு சிங்கள ஊரில் அவருக்குக் கடை. என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணையும் அந்தக் கடையில்தான் நின்றார். அங்கே கூட்டாளி ஒருவரிடம் ஒரு "கரண்ட் கிற்றார்" வாங்கி, கடையில் வைத்து வாசிக்க ஐயா விடாததால், திருவிழாவுக்கு வந்தபோது சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துவிட்டு, தூசி படாமல் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிப்போட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டியிருந்தார்கள். வீட்டில் நிற்கிற ஆள் நான்தானே. பார்த்துக்கொண்டேன். பார்த்ததோடு நிற்கவில்லை.

கரண்ட் கிற்றாருக்கு உள்ளே கோறை இல்லை, முழுப் பலகை. அம்பிளிபயர்ப் பெட்டியோடு தொடுத்தால்தான் அதற்குத் தொண்டை. தொடுக்காமல் தட்டினால் நுளம்பு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம். ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற எனக்கு அது நல்ல வசதியாய்ப் போயிற்று. அம்மா தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போகிற நேரம் அறைக்குள் போய், பலகையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடின தேவாரங்களை ஒற்றைக் கம்பியில் தேடித் தேடி எடுத்தேன். ஆறு தேவாரம் எடுத்தேன். ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் உரத்துக் கேட்டால் போதும் என்றிருந்தது.

அடுத்த வருசம் ஊருக்குக் கரண்ட் வந்தது. எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு அம்பிளிபயர்ப் பைத்தியமும் கூடவே வந்தது. ஊர்காவற்றுறையில் றேடியோ திருத்துகிறவர் ஒருவரிடம் இரண்டு பெட்டி இருந்தன. ஒன்று, பழுதான றேடியோவின் வால்வுகளை வைத்து அவரே செய்த, பிஸ்கட் தகரம் அளவுச் சின்னன். மற்றது கோயில் "லவுட்ஸ்பீக்கருக்கு"ப் பூட்டுகிற பெரிசு, தூக்க இரண்டு பேர் வேண்டும். இந்த இரண்டில் எதை எடுப்பது என்று ஐயாவும் அண்ணையும் ஊரில் இருந்த பெரியப்பாவும் மூன்று மாதம் கடிதம் எழுதினார்கள். உழவு மாடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பதில்லை. எது பாரம் கூட, எதற்கு வால்வு கூட என்றெல்லாம் எழுதினார்களே தவிர, அதைக் கொண்டுவந்து வைக்கப்போகிற வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

சித்திரை வருசத்துக்கு ஐயாவும் அண்ணையும் வந்து நின்றபோது றேடியோக்காரர் இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். முதலில் சின்னன். அண்ணை கம்பியைத் தட்ட, ஹோல் நிறையச் சத்தம் வந்தது. ஆனால் கிணற்றடியில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் யன்னலால் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெரிசு. பனையில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன, அக்கா வாளியோடு வேலிக்கு ஓடிவந்தா.

"தம்பி, வீட்டில வாசிக்கிறதெண்டால் சின்னன்தான்," என்றார் றேடியோக்காரர். "வால்வுப் பெட்டி முழுக்கத் திறந்தால்தான் வாய்விட்டுப் பாடும். பெரிசை வீட்டுக்குள்ள திறக்க ஏலாது. மெல்ல வைச்சால் தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச ஆள் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும். அதுசரி, வீட்டில ஆர் வாசிக்கிறது?"

ஐயா சிரித்தார். "வீட்டில ஆர் வாசிக்க இருக்கினம்? பொடியன் என்னோடையெல்லோ கடையில. இது ஊருக்குக் கேக்கவேணும்."

நான் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றேன். "நான்" என்று ஒரு சொல், அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். சொன்னால் பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கிற்றார் என்று அதையும் பறித்துவிடுவார்களோ என்று பயந்து, தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். பெரிசை வாங்கினார்கள்.

அதைத் திறந்தால் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். அம்மா இரண்டு நாள் பொறுத்தா. மூன்றாம் நாள் அம்மா சொல்லி, ஊர் வாசிகசாலைப் பொடியங்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். கிற்றார் இல்லாமல் பெட்டி என்னத்துக்கு என்று அதையும் கொண்டுபோனார்கள். அறைக்குள் சாக்கு மட்டும் கிடந்தது.

இப்போது எண்பதைத் தொடுகிற அண்ணை கனடாவில் மகள் ஆரணியோடு இருக்கிறார். ஆரணி வேலையால் வந்து கிற்றார் வாசிக்கிறவள். சுவர் மெல்லிய மாடி வீடு, ஒரு சின்ன வால்வுப் பெட்டி தேடுகிறாள். அவளும் மூன்று மாதமாகப் படம் படமாக எனக்குப் போனில் அனுப்புகிறாள். இந்தக் குடும்பத்தில் ஒரு பெட்டி வாங்க மூன்று மாதம் வேண்டும்போல. போன கிழமை வீடியோவில் கதைக்கையில் அண்ணை பின்னாலிருந்து, சின்னன் என்னத்துக்கு, பெரிசாய் எடு என்று தொடங்கினார். வழக்கமாய் நான் முகத்தை மறைத்துக்கொண்டு ஓம் ஓம் என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு ஏலாமல் போய்விட்டது.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ. பிள்ளை, ஆர் வாசிக்கிறது?"

"நான்தான் மாமி."

"அப்ப சின்னனை எடு. முழுக்கத் திறந்து வாசி."

உனக்கு உந்தப் பெட்டிகளைப் பற்றி என்ன தெரியும் என்று அண்ணை கேட்டார். ஒளித்திருந்து ஆறு தேவாரம் எடுத்த கதையைச் சொன்னேன். அண்ணை போனுக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனியளே?"

சின்னன்தான் என்று ஆரணி முடிவெடுத்துவிட்டாள். இன்று காலை இரண்டு சின்னனின் படம் அனுப்பி, கறுப்போ மண்ணிறமோ என்று கேட்டிருக்கிறாள். இவர்களை என்ன செய்வது?

அந்தப் பெட்டியும் கிற்றாரும் வாசிகசாலையும் சண்டைக் காலத்து இடம்பெயர்வுக்குப் பிறகு இல்லை. அறையும் இல்லை, திரும்பி வந்து இரண்டு அறை புதிதாய்க் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிணற்றை ஆலங்கன்று மூடிவிட்டது. இப்போது எந்தப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து முழுக்கத் திறந்து வைத்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேளாது. அடுத்த வீட்டில் ஆளில்லை.