பூசையில் வைத்த டேட்டாபேஸ்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாணி விழா நிகழ்ச்சி நிரலைச் செயலாளர் அக்கா வருடக்கணக்காக ஒரு கொப்பியில்தான் எழுதிவந்தார். எந்தப் பிள்ளை எப்போது ஆடும், எந்த இரண்டு தாய்மாரின் பிள்ளைகளை அடுத்தடுத்து மேடையேற்றக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். நானோ சிட்னியில் கணினி திருத்திப் பிழைப்பவன். "இந்தக் காலத்திலும் கொப்பியோ அக்கா?" என்று சிரித்துவிட்டு, முழுவதையும் வாங்கி ஒரு டேட்டாபேஸில் ஏற்றினேன். யாரும் கேட்காத வேலையென்றால் எனக்குத் தனிச் சிரத்தை.

டேட்டாபேஸ் இருந்தது பலகாரப் பெட்டி அளவான ஒரு பழைய கணினியில். அது புத்தக அலுமாரிக்குக் கீழே கிடக்கும். அதனோடு பேசுவது, என் மேசைக் கணினிக்குள் நான் உண்டாக்கிய வெர்ச்சுவல் மெஷின். அதாவது, ஒரு கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு தானும் ஒரு கணினி என்று நம்பும் பிறவி. சங்கங்களில் உபதலைவர்கள் இருப்பதைப் போல.

விழா மாலை ஐந்து மணிக்கு. காலை பத்துக்கு நிரலை அச்சடிக்க உட்கார்ந்தேன். டேட்டாபேஸோடு தொடர்பு கிடைக்கவில்லை என்றது வெர்ச்சுவல் மெஷின்.

கடவுச்சொல்லை மாற்றினேன். ஃபயர்வாலைத் திறந்துவிட்டேன், உலகத்துத் திருடர் எல்லாரும் வரலாம் என்ற நிலை, டேட்டாபேஸ் மட்டும் வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். மாடியிலிருந்து மகள், "டாட், சீரியஸ்லி?" என்று கத்தினாள். கடைசியில் வெர்ச்சுவல் மெஷினையே அழித்துப் புதிதாகக் கட்டினேன். அதுவும் பழையதன் குணத்தோடேயே பிறந்தது.

இரண்டு மணிக்கு அக்காவின் போன். "தம்பி, அறிவிப்பாளர் பேப்பர் எங்கை எண்டு கேக்கிறார். தாய்மார் இப்பவே சண்டை. எல்லாரும் தங்கட பிள்ளைதான் முதல் எண்டு நிக்கினம்."

"வருது அக்கா."

கடலைத் தட்டோடு மனைவி அறைக்குள் வந்தாள். "என்னப்பா, மூஞ்சை இப்பிடிக் கிடக்கு?"

"அந்தச் சின்னப் பெட்டி பதில் சொல்லுதில்லை."

"அது எப்பிடிச் சொல்லும்? நேற்றுப் பின்னேரம் நீங்கள்தானே பிளக்கைக் கழட்டிக் கொண்டுவந்து பூசையிலை வச்சனீங்கள்."

தொலைபேசியில் ஊராரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "மெஷின் ஓனில இருக்கோ?" என்பதுதான். அன்று நான்கு மணிநேரமாக அதை என்னிடம் நானே கேட்கவில்லை.

சாமி அறையில் சரசுவதிக்கு முன்னால், மகளின் வயலினுக்கும் மனைவியின் தையல் கத்தரிக்கோலுக்கும் நடுவில், சந்தனப் பொட்டோடு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது டேட்டாபேஸ். மேசைக் கணினி பாரம் என்பதால் தப்பியிருந்தது. எடுக்கப் போனேன்.

"தொடாதேங்கோ! நாளைக்கு விடியப் பூசை முடியத்தான் எடுக்கலாம்."

அக்காவுக்குப் போன் போட்டேன். "உங்கட பழைய கொப்பி இருக்கோ?"

"இருக்கு, தம்பி. பூசையிலை. இனிக் கொப்பி தேவையில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மறுபடி மனைவியிடம் வந்தேன். பெட்டியின் வயர் இன்னும் வாலாகத் தொங்கியது. "பிளக்கைச் சுவரிலை கொழுவினால் தொட்டதாகுமோ?"

"பிளக் ஆயுதமில்லை."

"ஓன் பட்டனை அமத்தோணுமே."

அவள் குங்குமமும் பூவும் இருந்த தட்டைப் பார்த்தாள். "பூ வைக்கிறதை ஒருத்தரும் தடுக்கேல்லை."

செவ்வந்தி நசுங்கியது. ரோசா உதிர்ந்தது. தாமரை மொட்டொன்றைத் தண்டோடு எடுத்து, பட்டனில் பணிவாக வைத்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேசைக்கு ஓடிப் பார்த்தேன். வைஃபையில் தொடர்பு கிடைத்திருந்தது.

நாலே முக்காலுக்கு, விழா நடக்கும் கிரவீன் மண்டப வாசலில், அச்சடித்த தாளை அக்காவிடம் நீட்டினேன். ஓரத்தில் என் விரல் பட்ட குங்குமம். அவர் அதைக் கண்ணில் ஒற்றினார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து பேனையை எடுத்து, முதல் நிகழ்ச்சியிலிருந்தே வெட்டித் திருத்தத் தொடங்கினார்.

"அக்கா, உங்கட பேனையைப் பூசையிலை வைக்கேல்லையோ?"

"எல்லாத்தையும் கொண்டுபோய் வைக்க எனக்கென்ன விசரோ, தம்பி?"