தங்கை கேட்ட பங்கு

அப்பாவின் இறுதிப் பயணத்தில் எங்களோடு நடந்த உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா வலங்கைமான் பக்கத்துச் சிற்றூரில், சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தாத்தா சீக்கிரமே போய்விட, மீசை அரும்பும் முன்பே ஏர் பிடித்தார். தங்கையை, அதாவது என் அத்தையை, வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பின்னாளில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரானார்.

அதுவரை எங்கள் ஊரில் குற்றம் சாட்டப்பட்டவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தீர்ப்பு வந்ததும் சபையின் காலில் விழ வேண்டும். அப்பா இரண்டையும் நிறுத்தினார். வழக்காடும் இருவரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வேண்டும், சொந்த வீட்டு வழக்கு வந்தால் பஞ்சாயத்தார் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று விதித்தார்.

பெண்களும் சபையில் பேசலாம் என்றபோது பெரியவர் ஒருவர், “பொம்பளைங்க பேசறதுக்கு நாம எதுக்குப்பா? கடலை கொறிக்கவா?” என்றாராம்.

“கொறிங்க மாமா. வாய்க்கு வேலை இருந்தாத்தான் காது நல்லாக் கேக்கும்” என்றாராம் அப்பா.

இதை எழுத எனக்குப் பெருமைதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் பொய் எழுதியவன் ஆவேன்.

கணவர் இறந்தபின் ஊருக்கே திரும்பி வந்த அத்தை, தாத்தா நிலத்தில் தன் பங்கைக் கேட்டுச் சபைக்கு வந்தார். தான் போட்ட விதிப்படியே அப்பா இறங்கி அவர் அருகில் உட்கார்ந்தார்.

“பொம்பளையும் பேசலாம்னு நீதானேண்ணே சொன்ன? பேசறேன். நானும் எங்கப்பனுக்குப் பொறந்தவதானே?”

“சீர் செஞ்சாச்சு” என்றார் அப்பா. பஞ்சாயத்தார் அவர் முகத்தையே பார்த்தார்கள். “அண்ணன் ஒன்னப் பட்டினி போட்டுருவாரா? போ தாயி” என்று முடித்தார்கள்.

அத்தை எழுந்தார். “பேச விட்டீங்க. கேட்டீங்களா?”

அன்று அங்கிருந்த பலர் கையிலும் இப்போது இந்த நினைவு மலர் இருக்கும்.

அந்த நிலத்து நெல்லில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் சட்டம் படித்தேன். பெண்களின் சொத்துரிமைப் பாடம் நடந்தபோது வகுப்பில் தலை நிமிர முடியவில்லை.

கடைசி மாதங்களில் பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றது. அத்தைதான் கஞ்சி ஊட்டினார். அவரைக் கண்டதும் அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “யாரு மேல கோவமோ, கஞ்சி என்ன பண்ணுச்சு? வாயத் தொறண்ணே” என்பார் அத்தை. அது கோபமில்லை என்று எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்ததும், அத்தையின் பங்கைக் கொடுத்துவிடலாம் என்று என் அண்ணனிடம் பேசினேன்.

“இப்பக் குடுத்தா அப்பா செஞ்சது தப்புன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்டா.”

“ஆமாண்ணே. அதத்தான் சொல்லணும்.”

அண்ணன் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, “பத்திர ஆபீசுக்கு எப்பப் போகணும்?” என்றார்.

சிகிச்சை செய்த மருத்துவருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் பங்கைத் தானப் பத்திரமாக எழுதித் தருகிறோம் என்று மட்டும் சொன்னோம்.

“தானம் வேணாம்” என்றார் அத்தை. “பாகப்பிரிவினைன்னு போடுங்க. எங்கண்ணன் பேரு மொதல்ல இருக்கட்டும்.”