வியாழக்கிழமைக் காணிக்கை

என் வீட்டுக்காரர் பெரிய பக்திமான் என்று எனக்குச் சொன்னதே பேங்க் மேடம்தான். பதினோரு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியும் நான் கண்டுபிடிக்காத சங்கதி அது.

ரம்மி ஆப்பெல்லாம் இன்னும் மூடாத காலம். ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஓனர் விற்கப்போவதாகச் சொன்னார். "மொதல்ல உங்களைத்தான் கேக்கறேன்மா. மாசக் கடைசிக்குள்ள லோன் லெட்டர் காட்டுங்க, இல்லேன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு." சின்ன வீடுதான். ஆனால் நான் பாடம் நடத்தும் ஸ்கூல் நடக்கிற தூரம், காலையில் சமையலறையில் நல்ல வெயில் வரும். எனக்கு அந்த வீடு வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன்பிருந்தே, சொந்தமாக ஒரு வீடு அமையட்டும் என்று வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். இவர் வரமாட்டார், கூட்டம் ஆகாதாம். "காணிக்கையை எனக்கு அனுப்பு, நான் ஃபோன்லயே போட்டுடறேன்" என்பார். அடடா, என்ன பொறுப்பு! வாராவாரம் ஐந்நூறு அனுப்பினேன். போட்டதும் ஃபோனை நீட்டுவார். 'சர்ச் காணிக்கை' என்று குறிப்பு இருக்கும். அதற்கு மேல் இருக்கும் வரியைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுக்க யாருக்கு நேரம்?

ஆறு மாச ஸ்டேட்மெண்ட்டைப் பேங்க்கில் கொடுத்தோம். அந்த மேடம் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர் இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், வாரம் தப்பாம சர்ச்சுக்குக் கொடுக்கறீங்க. ரொம்ப ஒள்ளேது, நல்ல விஷயம். ஆனா இந்த சர்ச் ரம்மி நடத்துதே?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மேடம் தாளை என் பக்கம் திருப்பினார். "குறிப்பு சார் எழுதறது. பணம் யாருக்குப் போச்சுன்னு பேங்க் எழுதும்மா."

வியாழன் மட்டுமா? சம்பளம் வந்த அன்றைக்கே ஐயாயிரம், மறுநாள் மூவாயிரம். அதற்கெல்லாம் குறிப்புகூட இல்லை, பாவம், கை வலித்திருக்கும்.

"அது ஸ்கில் கேம் மேடம்" என்றார் இவர்.

"ஸ்கில் இருந்தா பணம் திரும்பி வரணுமே சார்? ஆறு மாசத்துல ஒரே தடவை நானூறு ரூபா வந்திருக்கு."

சிரிப்பு வந்தது. நான் முழங்கால் போட்டுக் கேட்ட வீட்டை, என் காசை வைத்தே இந்த மனுஷன் சீட்டில் விட்டிருக்கிறார்.

இப்படிப் போனால் மாசத் தவணை எப்படி வரும் என்று மேலே கேட்பார்கள், ஆறு மாசம் இது எதுவும் இல்லாத ஸ்டேட்மெண்ட்டோடு வாருங்கள் என்றார் மேடம். என் சம்பளத்துக்கு மட்டும் கொடுங்களேன் என்று கெஞ்சினேன். கணக்குப் போட்டுப் பார்த்தார். பாதி வீட்டுக்குத்தான் வந்தது. எந்தப் பாதி, சமையலறையா, ஹாலா என்று நான் கேட்கவில்லை.

ஆட்டோவில் இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இனிமே தொடமாட்டேன்" என்றார். ரொம்ப சந்தோஷம். ஓனரிடம் ஆறு மாசம் அவகாசம் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

மாசக் கடைசியில் அந்த வேறு பார்ட்டி வந்தார், சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர். என் வீட்டுக்காரர் என்னமோ தான் கட்டிய வீடு மாதிரி மோட்டார் சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டினார். வந்தவர் சமையலறையில் நின்று, "வெயில் நல்லா வருதே! இவ்வளவு வருஷம் இருந்திருக்கீங்க, நீங்களே ஏன் வாங்கல?" என்று கேட்டார்.

"எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல சார்" என்றார் இவர்.

"அதிர்ஷ்டத்துக்கு என்ன சார் குறைச்சல்? வாராவாரம் பணம் கட்டினோமே!" என்றேன் நான்.

வந்தவர் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "சரிம்மா, எப்போ காலி பண்றீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால், என் அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர்தான் சொன்னார், "பத்தாம் தேதி சார்."