பூச்சியத்தில் நின்ற கோடு

அத்தான் போன மீன்பிடிப் படகு தொடர்பில்லாமல் போன பிறகு, அக்கா மட்டக்குளி வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள். ரேடியோ ரிசீவர் வடிவமைப்பதுதான் என் தொழில். படகின் அலைவரிசையை நான் எப்படியும் பிடித்துவிடுவேன் என்று நம்பினாள். நானும் பெரிய ஆள் மாதிரி பல்கனியில் ஏரியல் கம்பி கட்டி, கையால் செய்த ரிசீவரை லாப்டொப்பில் கொழுவினேன்.

திரையின் நடுவில், சரியாகப் படகின் அலைவரிசையில், ஒரு வெளிச்சக் கோடு நின்றது. நான் வாய் திறக்குமுன் அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியாருக்கு ஃபோன் எடுத்து, அவர் கிடைத்துவிட்டார் என்றாள்.

எங்கள் தொழிலில் அதற்கு டிசி ஒப்செட் என்று பெயர். ரிசீவர் தனக்குள்ளே உண்டாக்கும் அலை கொஞ்சம் கசிந்து, ஏரியல் வரை போய்த் திரும்பி வந்து, அலைகளைக் கலக்கும் மிக்சர் என்ற பகுதியில் தன்னோடு தானே கலந்துவிடும். கடலில் ஒருவருமே இல்லாவிட்டாலும் அந்தக் கோடு நடுவில், பூச்சியத்தில் நிற்கும். அதை ஒழிக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சொன்னேன். அவள் காதில் விழவில்லை. வேறு அலைவரிசைக்குத் திருப்பிக் காட்டினேன். படகின் அலையென்றால் பழைய இடத்திலேயே நின்றிருக்கும்; கோடும் கூடவே வந்தது. எங்களைத் தேடி வருகிறார் என்றாள். மின்சாரம் குடிக்கும் ஆக்டிவ் மிக்சரைக் கழற்றிவிட்டு, அது தேவைப்படாத பாசிவ் மிக்சரைப் போட்டேன். கோடு குறைந்ததே தவிர அழியவில்லை. அவருக்குக் களைப்பு என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை, அந்தப் பாழாய்ப்போன கோட்டின்மேல்.

பிறகு அவள் பல்கனிக்குப் போய்க் கம்பியின் பக்கத்தில் நின்றாள். கோடு உயர்ந்தது. விலகினாள், தாழ்ந்தது. திரும்பவும் கிட்டப் போனாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் கிட்டப் போனா கூடுது தம்பி. நான் இங்க நிக்கிறது அவருக்கு விளங்குது."

கசிந்த அலை அவள் உடம்பில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அங்கே கொட்டாஞ்சேனையில் மாமியார் பாற்சோறு செய்து அயலுக்கெல்லாம் கொடுக்கிறாராம். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

"அது அவர் இல்ல அக்கா. அது நீங்கதான்."

அவள் திரையைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள்.

"அப்ப கடல்ல இருந்து ஒண்டும் வரேல்லையா?"

ஒன்றும் வரவில்லை என்றேன். அவள் அழவில்லை, கம்பியை விட்டு நகரவுமில்லை. நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே திரையில் கோடு இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.