புளி போட்டுத் தேய்த்த சிம்பல்

தேனி பக்கம் கம்பம் ஊரில் ஓர் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். அதில் மாட்டியிருக்கும் சிம்பல் என்கிற வெண்கலத் தட்டு என்னைவிட மூத்தது. கறுத்துப்போயிருக்கும், அடித்தால் ஓசை மெல்ல விரிந்து, நிதானமாக அடங்கும்.

ஒரு கல்யாணக் கச்சேரியன்று கீபோர்டு வாசிக்கும் அண்ணன் பளபளக்கும் புதுத் தட்டை நீட்டினார். "இதை மாட்டுலே. அந்தக் கறுத்த தட்டைப் பாத்தா பொண்ணு வீட்டுக்காரக என்ன நினைப்பாக?"

ரோஷத்தில் என் தட்டை, குத்துவிளக்கைப் போல், புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலக் கீச்சிட்டன. பழைய குரல் புளித்தண்ணீரோடு போய்விட்டது. தப்பு என்னுடையதுதான்.

அதற்காகப் புதுசை மாட்டிவிடுவேனா? அன்றும் என் தட்டைத்தான் அடித்தேன். இப்போது அது மறுபடி கறுத்து வருகிறது; பழைய குரலும் மெல்லத் திரும்புகிறது. அண்ணன் முகம் சுளிக்கும்போதெல்லாம் சொல்கிறேன்: "இது பாக்குறதுக்கு இல்லண்ணே, கேக்குறதுக்கு."