அகத்தி – வேலூர்: ஒன்றரை மணி நேரம்

சனிக்கிழமை காலை எட்டு மணி. லட்சத்தீவின் அகத்தி விமான நிலையத்தில், மழை விடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னக் கட்டடம், ஒரே ஓடுபாதை, இரண்டு பக்கமும் கடல். சட்டைப்பையில் என் அக்கா மகள் ஓவியாவுக்கு ஒரு ஜோடிக் கம்மல். மறுநாள் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

தப்பு என்னுடையது. தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஃபிட்டர் நான். எவ்வளவு நேரத்தில் வருவாய் என்று போன மாதம் அக்கா கேட்டபோது, ஊருக்குப் பக்கம் என்று நினைத்து, அகத்தியிலிருந்து வேலூர் விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் ஓர் இணையதளத்தில் தட்டினேன். தூரம் 783 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்று வந்தது. அப்படியே சொல்லிவிட்டேன். எனக்குச் சனிக்கிழமையிலிருந்துதான் லீவு, அது போதும் என்று அக்கா பத்திரிகை அடித்துவிட்டாள். டிக்கெட் எடுக்கப் போனால், வேலூருக்குப் பயணிகள் விமானமே கிடையாதாம். இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போட்டுக் கணக்குச் சொல்லியிருக்கிறது அந்த இணையதளம். விமானம் உண்டா என்று பார்க்காதது என் புத்தி.

மதியம் மூன்றுக்குத்தான் விமானம் கிளம்பியது. கொச்சியில் இறங்கியபோது, அங்கிருந்து நான் எடுத்திருந்த சென்னை விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் காலைக்கு வேறு டிக்கெட், 7,400 ரூபாய். இரும்பு நாற்காலியிலேயே விடிந்தது. இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

ஞாயிறு 8.40, சென்னை. தொண்ணூறு கிலோமீட்டருக்கு வாடகைக் கார், 2,600 ரூபாய். ஓட்டுநர் பழையசீவரத்துக்காரர்.

"எங்கேர்ந்து வர்றீங்க சார்?"

"லட்சத்தீவு. நேத்துக் காலைல கெளம்பினேன்."

"நேத்தா? இந்நேரத்துக்கு அமெரிக்காவுக்கே பூட்டிருக்கலாமே!"

சிரிக்கத் தெம்பில்லை. பரனூர் சுங்கச்சாவடி நெரிசலில் நின்றபோது மணி 9.50. அக்கா போன் செய்தாள்.

"எங்கடா கீற? ஒன்ர அவருன்னு சொல்லிட்டு இன்னாடா இது பேஜாரு! நேரம் பூடப்போவுது."

பரனூரில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மானாம்பதியில் இறங்கியபோது 11.10. பந்தலில் பந்தி முடியும் நேரம். அக்கா வாசலுக்கே வந்தாள்.

"நேரம் தாண்டக்கூடாதுன்னு அவ அப்பா மடில வச்சி ஒரு காதக் குத்தியாச்சி. இன்னோரு காதுக்கு நேரம் பாக்கமாட்டேன்னு சொல்லி ஆசாரிய ஒக்கார வச்சிக்கீறேன். அது ஒனுக்குத்தான்."

அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஆனால், ஒரு காது குத்திக்கொண்டவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். என்னைக் கண்டதும் ஓவியா, "மாமா வாணாம்! போவச் சொல்லு!" என்று அலறிக்கொண்டு அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஐந்து வயதுக் குழந்தைதான், இருந்தாலும் வலித்தது. சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்தேன். அப்படியே கண் சொருகிவிட்டது.

மடியில் ஏதோ கனத்ததும் விழித்தேன். ஓவியா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. என் காது மடலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒனுக்கும் ஓட்ட கீதே மாமா. வலிச்சிதா?"

"ரொம்ப வலிச்சிது. நான்கூட ஓடி ஒளிஞ்சிக்கினேன்."

அவள் என் மார்பில் சாய்ந்தாள். பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆசாரி ஊசியைத் தூக்கிக் காட்டி, "இப்பவா?" என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கொஞ்ச நேரம் போகட்டும் என்று கையைக் காட்டினேன்.