கட்டிக் கொடுத்தவனுக்கு இங்கே என்ன கதை

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் என் தம்பி பள்ளிவாசலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். மனைவி வீட்டில் அவனுக்குச் சோறு இல்லாமல் இல்லை. ஆனாலும் வருவான். அவனும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகச் சாப்பிட்டு எழும்பி, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தால் அரசியல் தொடங்கிவிடும். நாற்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். யார் வென்றாலும் யார் தோற்றாலும் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை சத்தம் ஓயாது. நான் அதைச் சண்டை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. எங்கள் வாப்பா நான் பெரியவளாகும் முன்பே மௌத்தாகிவிட்டார். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மேசன்மாரோடு கல் சுமக்கப் போனான். பகலில் ஊராருக்குச் சுவர் வைத்தான். அஸருக்குப் பிறகு எனக்கு வைத்தான். என் வீடு முடிந்து, எனக்குக் கல்யாணம் முடிந்து, அதற்குப் பிறகு வெகு காலம் கழித்துத்தான் அவன் தன் கல்யாணத்தைப் பற்றி வாய் திறந்தான். கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம் என் வீட்டின் முன்சுவர் இரண்டும் விழுந்தன. அவன் இருந்த வீட்டிலும் கூரை போயிருந்தது. முதலில் என் சுவரைத்தான் நிமிர்த்தினான். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சில வாரம் இருக்கும். வெளிநாட்டுக்காரன் தேர்தலில் கைவைத்துவிட்டான் என்று எல்லார் போனிலும் கதை ஓடியது. எந்த வெளிநாட்டுக்காரன் என்பதில்தான் ஊர் இரண்டாக நின்றது. தம்பிக்கு இந்தியா. என் வீட்டுக்காரருக்குச் சீனா.

"இது இந்தியாட வேலை, மச்சான். வோட்டுக்கு முன்ன ஆர் ஆர் போய் ஆரக் கண்டாங்க எண்டு போன்ல வந்திரிக்கி."

"போன்ல வந்தா உண்மையா? நேத்து அதே போன்லதான் பாவக்காய்ச் சாறு குடிச்சா பல்லு திரும்ப முளைக்கும் எண்டும் வந்த. உனக்கு முளைச்சிட்டா?"

தம்பிக்கு முன்பல் இரண்டு இல்லை. அடுப்படியில் நின்ற என் மகள் சிரித்துவிட்டாள். தம்பியும் சிரித்தான்.

"நீங்க சிரிப்புக் காட்டித் தப்பப் பாக்கிறீங்க. சீனாக்காரன் கைவெச்சதுக்கு உங்களிட்ட என்ன ஆதாரம்?"

"உன்னட்ட என்ன இரிக்கி, நீ சொல்றதுக்கு?"

"ரெண்டு பேரிட்டயும் ஒண்டுமில்ல" என்று நான் உள்ளே இருந்து சொன்னேன். "இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கோவம் எண்டா அவனுகள்ட எல்லை மலையில நிண்டு அடிபடட்டும். நம்மட வோட்டுப் பெட்டிக்குள்ள என்னத்துக்கு?"

"அது நல்ல கேள்வி, ராத்தா" என்றான் தம்பி.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் விடவில்லை. துறைமுகம் கட்டினான், ரோட்டுப் போட்டான், கட்டிப்போட்டு இப்போது நாட்டில் யார் இருப்பது என்றும் அவனே சொல்லப் பார்க்கிறான் என்றார். கட்டினவன் கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்றார். அவர் சீனாவைத்தான் சொன்னார். ஆனால் தம்பி காலமெல்லாம் கட்டியவன். அவனுக்கு அது சுட்டுவிட்டது.

"கட்டினவனுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா, மச்சான்? வேர்வை சிந்தினவன் அவன். கட்டிக் கிடந்த வீட்டில வந்து குந்தின ஆளுக்கு அது எங்க விளங்கப் போகுது?"

என் வீட்டுக்காரர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் கட்டிக் கிடந்த வீட்டில் வந்து இருப்பவர்கள்தான். என் தம்பியும் அப்படித்தான். ஆனால் அதை ஒருவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. மகளும் அவளுடைய மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் விறாந்தைக்கு வந்தேன். சத்தம் போடவில்லை. நான் கோபத்தில் சத்தம் போடுகிறவள் இல்லை.

"கட்டிக் குடுத்தா, அத்தோட முடிஞ்சிது. இது என்ட வீடு. என்ட வீட்டுக்குள்ள இருந்து என்ட மாப்பிளையப் பேச, கட்டிக் குடுத்தவனுக்கு இஞ்ச என்ன கதை?"

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். கோப்பையில் பாதித் தேத்தண்ணி இருந்தது. அதைக் குடித்து முடித்தான். வைத்தான். "சரி, ராத்தா" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

யாரைச் சொன்னீர்கள் என்று மகள் கேட்டபோது, நான் சீனாக்காரனைத்தான் சொன்னேன் என்றேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. வருவான், வராமல் எங்கே போவான் என்று இருந்தேன். அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டேன். அதற்கடுத்த வெள்ளி, என் வீட்டுக்காரர் பள்ளியிலிருந்து பிந்தி வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"கடக்கரையில இருந்தம். அவனும் நானும்."

"ஆர், தம்பியா? என்ன கதைச்சீங்க?"

"அதே கதைதான். இப்ப அமெரிக்காவையும் உள்ள இழுத்திட்டான்."

அவர்கள் இருவருக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. தம்பி அன்றைக்கே அஸருக்குப் பள்ளியில் கண்டு அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இவரும் சரிடா என்று சொல்லியிருக்கிறார். தோணிகள் இழுத்து வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, இந்தியாவையும் சீனாவையும் வைத்து முன்போலவே சத்தம் போட்டிருக்கிறார்கள்.

"வீட்ட வரச் சொல்லலையா?"

"சொன்னன். ராத்தாட வீடு மச்சான், அவ கூப்பிடணும் எண்டான்."

ஒரு எட்டுப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். அவன் இருக்கிற வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு ஒழுங்கை தள்ளித்தான். நான் மூத்தவள். இளையவன் வாசலில் போய் நின்று, நான் சொன்னது பிழை என்று எப்படிச் சொல்வது? நோன்புக்குக் கஞ்சி அனுப்பினேன். பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினேன். பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, தம்பி மனைவியான மச்சியின் ஸலாமோடு. வழியில் கண்டால் நின்று சுகம் விசாரித்தான். மருந்து எடுக்கிறீர்களா ராத்தா என்று கேட்டான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒரு வருடம் போய்விட்டது.

என் மகளுக்கு இந்த வீட்டைக் கல்யாணத்தின்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊர் வழக்கம் அதுதான். என் வீடு என் பேரில் இருக்கட்டும் என்று பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வீடு என்னுடையது இல்லையென்றால், நான் சொன்ன சொல்லும் இல்லாமல் போய்விடும் அல்லவா? கல்முனைக்குப் போய் நொத்தாரிசிடம் வீட்டை மகள் பேருக்கு எழுதி உறுதி முடித்தோம். கைநாட்டு வைக்கலாம் என்று அவர் மையை நீட்டினார். வேண்டாம் என்று பேனையை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பேரை எழுதினேன். ஒரு சொல்லைத் திருப்பி எடுப்பதைவிட ஒரு வீட்டைக் கொடுப்பது எனக்கு இலேசாக இருந்தது.

பிறகு மகளை அனுப்பினேன். "மாமா, இப்ப அது என்ட வீடு. நான் கூப்பிடுறன், வாங்க" என்று நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். உன்னுடைய வீட்டுக்கு வராமல் இருப்பேனா மகள், வாறன் என்றானாம்.

அந்த வெள்ளி விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுக்குப் பிடித்த மீனாணம் ஆக்கினேன். ஜும்மா முடிந்தது. வெளியே ஸலாம் கேட்டது. நான் பதில் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லைபோல. மீண்டும் ஸலாம் சொன்னான். எட்டிப் பார்த்தேன். வேலிக் கடப்பலைக் கதவுக்கு வெளியே, வாசலுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான். பிறத்தியார் வீட்டுக்குப் போனால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"உள்ள வாங்க, மாமா" என்று மகள் சொன்ன பிறகுதான் வந்தான்.

முன்பு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பான். அன்று, காட்டிய கதிரையில் இருந்தான். வைத்ததைச் சாப்பிட்டான். ஆணம் நல்லாயிருக்கு என்று மகளிடம் சொன்னான், என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, இரண்டு நாட்டுக்காரரும் மீண்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்களாம் என்று தொடங்கினார். தம்பி தலையை ஆட்டினான். ஓம் என்றான். கடற்கரையில் அப்படிச் சத்தம் போடுகிற இருவரும் என் விறாந்தையில் மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் மெல்லக் கதைத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் நான் கேட்காததைக் கேட்டேன்.

"தம்பி, அந்தத் தேர்தல்ல கைவெச்சது ஆராம்? இந்தியாவா, சீனாவா? நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மரியாதையான சிரிப்பு.

"எனக்கென்ன தெரியும், ராத்தா. மச்சான்தான் நியூஸ் கேக்கிறவர்."

அஸர் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் எழும்பி மகளிடம், "நான் வாறன், மகள்" என்று சொல்லிக்கொண்டான். நான் வாசல்வரை போனேன். அவன் குனிந்து செருப்பைப் போடும்போது தலையில் கைவைத்திருக்கலாம். பிழையைச் சொல்லியிருக்கலாம். அவன் நிமிர்ந்தான். அடுத்த வெள்ளியும் வா என்று மட்டும் சொன்னேன்.

"மகள் கூப்பிட்டா வாறன், ராத்தா" என்றான்.